விடிலிப் புகை

"வீட்டுல யாரும் பீடி, சிகரெட் குடிப்பாங்களா?"

இளைப்புக்காக அம்மாவை எந்த டாக்டரிடம் கூட்டிப்போனாலும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருந்தது. கேட்கும்போதே அவர் கண் அப்பா பக்கம் போய்விடும். அப்பா பனையேறி. ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிப்பவர். தலையைக் குனிந்துகொள்வார். டாக்டரும் விஷயம் விளங்கிவிட்ட மாதிரி சீட்டில் எழுத ஆரம்பித்துவிடுவார். "நீங்க என்ன வேலை பாத்தீங்கம்மா?" என்று அம்மாவைப் பார்த்து ஒருவர் கேட்பதற்குப் பதினோரு வருஷம் ஆயிற்று.

அம்மா பார்த்த வேலை கருப்பட்டி காய்ச்சுவது. தூத்துக்குடி மாவட்டம் உடன்குடி பக்கம், தேரிக்காடு என்கிற செம்மணல் காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் அதை ஒரு வேலை என்றுகூடச் சொல்லமாட்டார்கள். ஆண் பனை ஏறினால் பெண் காய்ச்சுவாள்.

விடிலி என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பனங்காட்டுக்குள் ஓலையால் வேய்ந்த தாழ்வான குடிசை. குனிந்துதான் நுழைய வேண்டும். சன்னல் கிடையாது. காற்று உள்ளே புகுந்தால் தீ நாலாபக்கமும் சாடி கூரையைப் பிடித்துவிடும் என்ற பயம். மண்ணில் தோண்டிய அடுப்பு, அதன்மேல் தாச்சி என்கிற அகன்ற சட்டி. அப்பா இறக்கிக் கொண்டுவரும் பதனீரை வடிகட்டி ஊற்றி, காய்ந்த ஓலை, மட்டை, பாளை, உடைமுள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடியில் தள்ளி எரிக்க வேண்டும். மூணு நாலு மணி நேரம் இடத்தைவிட்டு நகர முடியாது. பொங்கி வரும்போது கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும். பாகு இறுகத் தொடங்கியதும் துடுப்பு போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். இந்தக் கடைசி அரை மணி நேரம் முகம் தாச்சிக்கு நேர் மேலே இருக்கும். கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். பதம் தப்பினால் அப்பா அன்று ஏறி இறங்கிய அத்தனை மரத்துப் பாடும் வீண். அதனால் யாரும் முகத்தைத் திருப்ப மாட்டார்கள். பங்குனியில் ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் இதுதான். மிச்ச மாசங்களில் வீட்டு அடுப்பு, அதுவும் விறகு.

அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது 1972-ல், பத்தொன்பது வயசில். கடைசியாகத் தாச்சியை இறக்கி வைத்தது 2008-ல். முப்பத்தாறு வருஷம். அதற்கு முன்னால் அவள் அம்மாவின் விடிலியில் ஒத்தாசைக்கு நின்ற காலத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நான் பிறந்தபோது என் தொட்டிலைக் கட்டியதும் விடிலி விட்டத்தில்தான். வேறு எங்கே கட்டுவது? பால் கொடுக்கவும் வேண்டும், தீயையும் பார்க்கவேண்டும்.

விடிலியை விட்டதே மூச்சு முட்டியதால்தான். ஊரில் இளைப்பு என்றார்கள். டாக்டர் ஆஸ்துமா என்றார். மருந்து குடித்தால் கொஞ்ச நாள் தேவலாம், பிறகு பழையபடி. இரண்டு வருஷத்தில் அம்மா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். பஸ் ஸ்டாப் பக்கத்து மருந்துக் கடையில் "மூச்சு மாத்திரை" என்று கேட்டால் சின்னதாய் ஒரு வெள்ளை மாத்திரை தருவார்கள். ஒன்று போட்டால் அரை நாளில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பசி எடுக்கும், முகத்தில் களை வரும். பிற்பாடுதான் தெரிந்தது, அது ஸ்டீராய்டு. நோய் திடீரென்று கூடும் சமயத்தில் நாலைந்து நாள் டாக்டர் சொல்லித் தருவது வேறு. அம்மா அதை வருஷக்கணக்கில், யாரும் சொல்லாமல், வெற்றிலை மாதிரி முந்தியில் முடிந்து வைத்துச் சாப்பிட்டாள். அந்தச் சின்ன மாத்திரை என்னென்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2019-ல் திருநெல்வேலியில் நுரையீரலுக்கென்றே படித்த ஓர் இளம் டாக்டரிடம் போனோம். அவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "எந்த அடுப்பும்மா? எத்தனை வருஷம்?"

"அடுப்பா? நான் அடுப்புக்குள்ளதானய்யா இருந்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு ஊதும் பரிசோதனைக்கு அனுப்பினார். மூக்கில் கிளிப் மாட்டி, அட்டைக் குழலை வாயில் வைத்து, இழுக்க முடிந்த மட்டும் இழுத்து, ஒரே மூச்சாய் ஊதித் தள்ள வேண்டும். "ஊதுங்க ஆச்சி, ஊதுங்க, ஊதுங்க, விட்ராதீங்க, இன்னும் இருக்கு" என்று அந்தப் பெண் கத்தினாள். அம்மா முகம் கறுத்துவிட்டது. மூன்று தடவை. பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடியும் ஊதச் சொன்னாள்.

கணக்கு எளிமையானது. உள்ளே இழுத்த காற்றில் எவ்வளவு மொத்தமாக வெளியே வருகிறது, அதில் முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார்கள். நல்ல நுரையீரல் முதல் விநாடியிலேயே முக்கால் பங்குக்கு வெளியேற்றிவிடும். மருந்து கொடுத்த பிறகும் அது நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே நின்றால், குழாய் நிரந்தரமாக அடைபட்டுவிட்டது என்று பொருள். அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு. ஆஸ்துமாவில் பெரும்பாலும் மருந்து கொடுத்ததும் குழாய் நன்றாகத் திறந்துகொள்ளும். அம்மாவுடையது திறக்கவே இல்லை. சி.ஓ.பி.டி. என்று எழுதினார், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

காற்றை ஊதி நுரையீரலை அளக்கும் கருவி நேற்று வந்ததல்ல. ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்து அதைப் பற்றி எழுதியது 1846-ல். சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கிறோம், பிரஷருக்குப் பட்டை கட்டுகிறோம். பதினோரு வருஷமாக நாங்கள் ஏறி இறங்கிய எந்தக் கிளினிக்கிலும் ஊதச் சொன்னவர் இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அதற்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் இந்த நோயால் இறந்தவர்கள் 35 லட்சம் பேர். உலகத்தில் அதிகம் பேரைக் கொல்லும் நோய்களில் நான்காவது இடம். பணக்கார நாடுகளில் இந்த நோய்க்கு எழுபது சதவீதத்துக்கு மேல் புகையிலைதான் காரணம். நம்மைப் போன்ற நாடுகளில் புகையிலையின் பங்கு முப்பது, நாற்பது சதவீதம்தான். மீதியில் பெரும் பங்கு வீட்டுக்குள் எரியும் அடுப்புக்கு. புனேயைச் சேர்ந்த சந்தீப் சால்வியும் லண்டனின் பீட்டர் பார்ன்ஸும் 2009-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் புகைபிடிக்காதவர்களின் சி.ஓ.பி.டி. பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதினார்கள். உலகம் முழுக்க இந்த நோயாளிகளில் கால் பங்கிலிருந்து கிட்டத்தட்டப் பாதிப்பேர் வரை ஒருநாளும் புகை பிடிக்காதவர்கள் என்றது அது. அம்மாவுக்கு நோய் ஆரம்பித்த மறு வருஷம் வந்த கட்டுரை.

நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில் புகை பிடிக்காத 900 பெண்களை ஊதவைத்துச் செய்த ஆய்வு 2011-ல் வந்தது. நூற்றுக்கு இரண்டரைப் பேருக்குக் கொஞ்சம் குறைவாக நோய் இருந்தது. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நின்று சமைத்தவர்களிடம் மூன்று பேர். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். அப்படிச் சமைக்கும் பெண்கள் ஆயிரம் பேர் இருந்தால் முப்பது பேர். அந்த முப்பது பேரில் எத்தனை பேரை யாராவது ஊதச் சொல்லியிருப்பார்கள்?

ஆனால் அடுப்பு ஒன்றுதான் காரணம் என்றும் நான் சொல்லமாட்டேன். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு முன்னாடி டி.பி. வந்துதா?" என்று கேட்டார். 1978-ல் வந்திருக்கிறது. ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை வருஷம். 1950-களின் கடைசியில் சென்னையில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, காசநோய்க்காரர்களைச் சானட்டோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் அடைக்க வேண்டாம், வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் அதே அளவு குணமாகிறது என்று உலகத்துக்கே காட்டியது. அதன் பலனாகத்தான் அம்மாவும் எங்கள் அக்காவை விட்டுப் பிரியாமல் வீட்டில் இருந்து குணமானாள். கிருமி போய்விட்டது, தழும்பு தங்கிவிட்டது. டி.பி. வந்து போன நுரையீரலில் பின்னாளில் அடைப்பு வரும் வாய்ப்பு அதிகம். மருந்து முடிந்த மறு வாரமே அவள் விடிலிக்குப் போய்விட்டாள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சீசன் காத்திருக்காது.

இன்னும் பின்னால் போனால் குழந்தைப் பருவம் இருக்கிறது. நுரையீரல் இருபது இருபத்தைந்து வயசு வரை வளர்ந்து உச்சம் தொட்டு, பிறகு எல்லோருக்கும் மெல்லத் தேயும். 2015-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், சி.ஓ.பி.டி. வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நுரையீரல் வேகமாகத் தேயவே இல்லை. அவர்கள் இளமையிலேயே உச்சத்தைத் தொடாதவர்கள். எடை குறைந்து பிறந்தது, சின்ன வயசு நிமோனியா, வயிற்றில் இருக்கும்போதே தாய் சுவாசித்த புகை எல்லாம் அதில் சேரும். அம்மாவைச் சுமந்தபோது ஆச்சியும் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்பா விஷயம் வேறு. நாற்பது வருஷம் பீடி குடித்த அவருக்குக் கடைசிவரை இளைப்பு வரவில்லை, மாரடைப்பில் போனார். புகைப்பவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. உடம்பின் வாகும் பரம்பரையும் இதில் உண்டு. 1963-ல் ஸ்வீடனில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் ரத்தத்தில் குறைவாக இருப்பவர்களுக்கு நுரையீரல் சீக்கிரம் கெடுவதைக் கண்டுபிடித்தார்கள். அது அபூர்வமான காரணம். கல்குவாரித் தூசி, பஞ்சாலைத் தூசி, வெல்டிங் புகை எல்லாம் அபூர்வமே இல்லை. இளைப்போடு வருபவரிடம் பீடியைக் கேட்கும் அதே மூச்சில் தொழிலையும் கேட்க வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் தெரிந்துவிட்டது, இனிமேல் மருந்து போட்டால் போதும் என்று நினைத்தோம். இந்த நோய் தனியாக வருவதில்லை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

முதலில் தெரிந்தது எலும்பு. அரைக் குடம் தண்ணீரைத் தூக்கினாள், முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழவில்லை. எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. எலும்பு அடர்த்தி பார்த்தால் சல்லடை. மூச்சு முட்டுவதால் நடமாட்டம் குறைகிறது, வெயில் படுவதில்லை, நோயின் அழற்சி உடம்பு முழுக்கப் பரவுகிறது, இத்தனைக்கும் மேலே அந்த வெள்ளை மாத்திரை. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும் ஏறியிருந்தது. அம்மா அந்த மாத்திரையை அவ்வளவு நம்பினாள். வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர் பம்புதான் கெடுதல், "பம்பு போட்டா பழக்கமாயிரும்" என்று ஊரே சொன்னது. உண்மை தலைகீழ். பம்பில் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. மாத்திரை ரத்தத்தில் கலந்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை போகிறது. எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு பத்தியையாவது வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்தது இதயம். 2021-ல் சாயங்காலமானால் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அமுக்கினால் குழி விழும். ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் நுரையீரலில் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும்; அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ள வேண்டிய இதயத்தின் வலது பக்கம் அதிகப்படியாக உழைத்து உழைத்துத் தளரும்; தண்ணீர் காலில் இறங்கும். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவில் அதுதான் தெரிந்தது. டாக்டர் இன்னொன்றும் சொன்னார். சளியும் இளைப்பும் திடீரென்று கூடும் நாட்களை ஒட்டி மாரடைப்பு வரும் வாய்ப்பும் ஏறுகிறது. ஆகவே இளைப்பு கூடினால் நுரையீரலை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது, ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள் என்றார். இரண்டு நோய்க்கும் அடையாளம் அதே மூச்சுமுட்டல். ஒன்றின் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொள்கிறது. நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயமும் இவர்களுக்குக் கூடுதல். நெஞ்செரிச்சலும் இருந்தது, அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ராத்திரி சாப்பாட்டை முன்கூட்டி வைத்ததில் சரியாகிவிட்டது.

எடை 38 கிலோவுக்கு வந்தது. மூச்சு விடுவதே ஒரு கூலி வேலை மாதிரி உடம்பைக் கரைக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டால் மேலே முட்டுகிறது என்று பாதியில் எழுந்துவிடுவாள். தொடைச் சதை வற்றி, கழிப்பறையிலிருந்து எழ என் தோளைப் பிடிக்க வேண்டியதாயிற்று. மூன்று வேளைச் சோற்றை ஆறு வேளையாக்கினோம். முட்டை, பயறு, அவளுக்குப் பிடித்த உளுந்தங்களி.

இவை எல்லாவற்றையும்விட எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது ராத்திரிகள். இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வாள். சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "ஏட்டி, காத்து உள்ள போகமாட்டேங்கு. நான் போயிருவேன்." பயம் வந்தால் வேகமாக மூச்சு விடுவாள். வேகமாக விட்டால், அடைபட்ட குழாய் வழியே பழைய காற்று வெளியேறுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். நெஞ்சு ஊதிப் பெருத்து இன்னும் முட்டும். பயம் இன்னும் கூடும். மனப் பதற்றமும் மனச்சோர்வும் இந்த நோயோடு அடிக்கடி சேர்ந்து வருபவை. அவற்றுக்கும் வைத்தியம் இருக்கிறது. நாங்கள் இரண்டு வருஷம் அதைக் "கிழவிக்குப் பிடிவாதம்" என்று நினைத்திருந்தோம். அந்த நினைப்புக்காக நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தச் சுழலிலிருந்து அவளைக் கொஞ்சமாவது இழுத்தது பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக்கொடுத்த ஒரு சின்னப் பழக்கம். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து மெல்ல ஊத வேண்டும். அப்படி ஊதினால் குழாய்கள் மூடிக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் திறந்து நிற்கும், தேங்கிய காற்று வெளியே வரும். அந்தப் பெண் செய்து காட்டியதும் அம்மா கண்ணை விரித்தாள்.

"இது ஊதுகுழல் ஊதுத மாதிரில்லா இருக்கு!"

ஈர விறகு பிடிக்காத நாட்களில் இரும்புக் குழலை அடுப்புக்குள் நீட்டி மெல்ல, விடாமல் ஊத வேண்டும். வேகமாக ஊதினால் சாம்பல்தான் முகத்தில் அடிக்கும். அந்த ஊத்து அவள் உடம்பில் இருந்தது. முதல் நாளே சரியாகச் செய்தாள். அன்றைக்கு ராத்திரி சன்னலோரம் அவள் உதட்டைக் குவித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

இப்போது அம்மாவுக்கு எழுபத்தொன்று. குழாயை விரிக்கும் பம்பு, ஸ்பேசர் என்கிற குடுவையை மாட்டி வைத்து, தினமும். வருஷத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசியும் போட்டாயிற்று. தெரு முனை வரை நடந்து திரும்புவாள், நடுவில் இரண்டு தடவை நின்று. உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் அளவு 91. சொந்தக்காரர் ஒருவர் ஆக்சிஜன் மெஷின் வாங்கிக் கொடுக்கிறேன் என்றார், பாசத்தில்தான். டாக்டர் வேண்டாம் என்றார். ஓய்வில் 88-ஓ அதற்குக் கீழோ நிலையாக இருப்பவர்களுக்குத்தான் நாளைக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 1980, 1981-ல் வந்த ஆய்வுகள் காட்டின. தேவையில்லாமல், அளவில்லாமல் கொடுத்தால் சிலருக்குக் கரியமில வாயு உடம்பில் தேங்கி மயக்கமே வந்துவிடும்.

புகையைச் சுவாசிக்காதீர்கள் என்று விடிலிப் பெண்களிடம் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. வீட்டுச் சமையலுக்குக் கேஸ் வந்துவிட்டது, நல்லது. நாள் முழுக்கப் பதனீர் காய்ச்ச எந்தச் சிலிண்டர் கட்டுப்படியாகும்? ஆனால் கூரையை உயர்த்தலாம், புகைபோக்கி வைக்கலாம். சீனாவின் யுன்னான் மாநிலத்தில் சுவான்வெய் என்ற இடத்தில் வீட்டுக்குள் புகைபோக்கி இல்லாமல் நிலக்கரி எரித்துக்கொண்டிருந்தவர்கள் புகைபோக்கி அடுப்புக்கு மாறினார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை ஆராய்ந்து 2005-ல் சொன்னார்கள்: அப்படி மாறியவர்களுக்கு ஆணிலும் பெண்ணிலும் இந்த நோய் குறைந்திருக்கிறது. பலன் தெளிவாகத் தெரிய ஏறத்தாழப் பத்து வருஷம் ஆயிற்று. எரிபொருள் அதே கரி. கூரைக்கு வெளியே ஒரு குழாய். நம் பனைத் தொழிலாளர்களுக்கு அந்தக் குழாயைச் செய்துகொடுப்பது முடியாத காரியம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

போன வைகாசியில் ஊருக்குப் போனோம். அம்மா விடிலியைப் பார்க்க வேண்டும் என்றாள். எங்கள் இடத்தில் இப்போது சித்தப்பா பேரன் மனைவி காய்ச்சுகிறாள். இருபத்தைந்து வயசு இருக்கும். நாங்கள் போனபோது பாகு இறுகும் நேரம். தாச்சிமேல் குனிந்து கிண்டிக்கொண்டிருந்தாள். விட்டத்தில் சேலைத் தொட்டில், உள்ளே ஐந்து மாசப் பிள்ளை. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே போக முடியாது, நாலு பாகத் தூரம் தள்ளியே அவளுக்கு மூச்சு பிடித்துக்கொண்டது. ஒரு பனை மூட்டில் சாய்ந்து, உதட்டைக் குவித்து, கொஞ்ச நேரம் ஊதி ஊதி நிதானத்துக்கு வந்தாள். பிறகு என் கையைத் தட்டினாள்.

"ஏட்டி, உள்ள போயி அந்தத் தொட்டில அவுத்துக் கொண்டா. இந்தா இந்த ரெண்டு பனைக்கு நடுவுல கட்டு. நான் ஆட்டிக்கிடுதேன். அவ பதம் பாக்கட்டும்."